ஆஸ்பெஸ்டாஸ் கூரையை எடுத்துவிட்டுத் தெர்மாகோலை எங்கள் தலையில் கட்டாதீர்கள்

பெறுநர்: நகர மேலாளர் அவர்கள், ஈத்தெக்வினி மாநகராட்சி, டர்பன்.

அனுப்புநர்: சாட்ஸ்வொர்த் பகுதிக் குடியிருப்பாளர்கள்.

பொருள்: பழைய கூரைகளைப் பாதுகாப்பாக அகற்றுவதும், அதற்குப் பதிலாகப் போடும் வெப்பத் தடுப்புப் பொருளும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். அன்றைய நிறவெறி அரசின் இன வாரிக் குடியேற்றச் சட்டத்தால் எங்கள் பெற்றோர் இதே டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு 1960-களில் இங்கே வந்தபோது கிடைத்த வீடுகளில் பலவற்றுக்கு இன்றும் அதே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான் கூரை. 2008-ல் நம் தென்னாப்பிரிக்கா ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது, ஆனால் ஏற்கெனவே வீட்டின் மேல் இருப்பதை அந்தத் தடை இறக்கிவிடவில்லை. உடைக்காமல், துளையிடாமல், அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவாமல் இருந்தால் பெரிய ஆபத்தில்லை, சரி. அறுபது வருட வெயிலும் மழையும் பட்ட ஷீட்டை எத்தனை நாள் அப்படியே வைத்திருப்பது?

போன ஜூலையில் என் பக்கத்து வீட்டில் கூரை மாற்றினார்கள். வந்த ஆட்கள் முகத்தில் ஒரு துணிகூடக் கட்டவில்லை. சுத்தியலால் அடித்து, உடைந்த துண்டுகளை மேலிருந்து முற்றத்தில் போட்டார்கள், கொடியில் காய்ந்த எங்கள் வீட்டுத் துணிமேலெல்லாம் சாம்பல் நிறத்தில் தூசி படிந்தது. கேட்டதற்கு, "ஆன்ட்டி, இது வெறும் சிமெண்ட்தான்" என்றார்கள். அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். வடக்கு கேப் சுரங்கப் பகுதியில் நெஞ்சுச் சவ்வில் வந்த புற்றுநோயை ஆஸ்பெஸ்டாஸோடு இணைத்து மருத்துவர் வாக்னரும் அவருடைய சகாக்களும் 33 பேரைப் பற்றி எழுதியது 1960-ல், இதே நாட்டில். இன்று மூச்சில் போகும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் நோயாகத் தெரியும் என்பதால் அந்தப் பையன்கள் யாரையும் போய்க் கேட்கவும் முடியாது.

அப்புறம் புதுத் தகரத்துக்கு அடியில் கொடுக்க வெள்ளைத் தெர்மாகோல் பலகை வந்தது. ரம்பத்தில் அறுக்க அறுக்க மணிமணியாக உதிர்ந்தது, காற்றடித்தது, மழைநீர்க் கால்வாயில் இறங்கியது. எங்கள் பக்கத்துக் கால்வாய் உம்ஹ்லதுசானா ஆற்றில் சேர்கிறது, ஆறு துறைமுகத்து நீரில் போய் விழுகிறது. அந்த மணி மக்காது, மிதக்கும், மீனும் பறவையும் இரை என்று விழுங்கும். பழைய தெர்மாகோல் பலகைகளில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த ஹெச்பிசிடி என்ற ரசாயனத்தை 2013-ல், எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களுக்கான சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையே ஒழிக்க வேண்டியவை பட்டியலில் வைத்தது.

வெப்பத் தடுப்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜனவரி மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும், மின் கட்டணமும் குறையும். புதுக் கட்டடங்களில் மின்சக்தியைச் சேமிக்கச் சொல்லும் சான்ஸ் 10400-எக்ஸ்ஏ என்ற தேசியத் தர விதி 2011-லேயே வந்துவிட்டது. ஆனால் எதைப் போடுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? பழைய கண்ணாடியை உருக்கி நூற்கும் கண்ணாடிக் கம்பளி இருக்கிறது, பழைய செய்தித்தாளை அரைத்துப் போரான் உப்பு கலந்த காகிதப் பஞ்சு இருக்கிறது. இரண்டும் ஆற்றில் மணிமணியாக மிதந்து போவதில்லை.

ஆகவே மாநகராட்சிக்குச் சொந்தமான வீடுகளில் கூரை மாற்றும்போது 2020 ஆஸ்பெஸ்டாஸ் விதிமுறைகளின்படி பதிவு பெற்ற ஆட்களை மட்டும் வேலைக்கு விடுங்கள். ஷீட்டை நனைத்து, முழுசாகக் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி எடுக்கச் சொல்லுங்கள். சொந்தச் செலவில் மாற்றும் குடும்பங்கள் பழைய ஷீட்டை ஒப்படைக்கக் கட்டணமில்லாத இடம் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் அது ராத்திரியில் ஓடைக்கரைக்குத்தான் போகும், இப்போதும் போகிறது. உங்கள் டெண்டர்களில் தெர்மாகோலுக்குப் பதில் கண்ணாடிக் கம்பளியோ காகிதப் பஞ்சோ என்று எழுதுங்கள். தெர்மாகோல் தவிர்க்கவே முடியாத இடத்தில், அறுத்த மிச்சத்தை மூட்டை கட்டித் திருப்பி எடுத்துப் போவது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று சேருங்கள்.

அடுத்த மழைக்காலம் அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் உங்கள் அதிகாரி ஒருவரை எங்கள் தெருவுக்கு அனுப்பினால் ஓடைக்கரையில் கிடக்கும் ஷீட் துண்டுகளை நாங்களே கூட்டிப்போய்க் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் பகுதிக் குடியிருப்பாளர்கள்