வெர்ஷன் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையப் பாதுகாப்பு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய வெர்ஷன் மென்பொருளை வைத்திருப்பவர்கள் எல்லோரும் வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள் என்ற தொனியில் எழுதியிருந்தீர்கள். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களிலும், மணலி பக்கம் சில கன்டெய்னர் யார்டுகளிலும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் போன் வர ஆரம்பித்துவிட்டது. "மேடம், நம்மளது பழசாமே? பேப்பர்ல போட்டிருக்கான்!"

பழசுதான். அதில் ஓட்டை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. லினக்ஸ் (இயங்குதளம்), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) போன்ற, நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள்களில் புது வேலையெல்லாம் நிரலின் முதன்மைக் கிளையில் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிட்ட ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் தனியாக ஒரு கிளை உண்டு. ஓட்டை ஒன்று தெரியவந்தால் முதலில் முதன்மைக் கிளையில் அடைப்பார்கள். பிறகு அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய கிளைகளில் பொருத்துவார்கள். இதைத்தான் பேக்போர்ட் என்கிறோம். புது வசதி எதுவும் கூடவே வராது, பட்டன் இடம் மாறாது, முன்னால் இருக்கும் எண்ணும் மாறாது.

என் அப்பா ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரம்பூர் கேரேஜில் ஃபிட்டராக இருந்தவர். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 2018-ல் பழைய வடிவப் பெட்டி கட்டுவதை நிறுத்தியது. அதற்காக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளை மறுநாளே காயலான் கடைக்கு அனுப்பவில்லை. முறைப்படி கேரேஜுக்குள் கொண்டுவந்து, தேய்ந்ததை மாற்றி, பிரேக்கைச் சரிபார்த்து, பக்கவாட்டில் பி.ஓ.எச். (முறைப்படியான முழுப் பராமரிப்பு) தேதியை எழுதி வெளியே விட்டார்கள். பெட்டியின் தகுதியைப் பார்க்க வருபவர் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான்.

சர்வர்களுக்கும் அப்படி ஒரு குறிப்பு உண்டு, ஆனால் யாரும் படிப்பதில்லை. 2024 ஜூலை 1-ஆம் தேதி தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-ல் சி.வி.இ-2024-6387 என்ற ஓட்டை வெளியே வந்தது (சி.வி.இ. என்பது ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொதுப் பதிவு எண்). கடவுச்சொல் இல்லாமலே வெளியாள் ஒருவர் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) உள்ளே நுழையக்கூடிய ரகம். அதை எழுதுகிறவர்கள் தங்கள் மூலத் திட்டத்தில் 9.8 பதிப்பில் அடைத்தார்கள். லினக்ஸையும் மற்ற மென்பொருள்களையும் தொகுத்துத் தரும் விநியோகமான டெபியனின் 12-ஆம் பதிப்பில் இருந்ததோ 9.2. டெபியன் பாதுகாப்புக் குழு 9.8-ஐத் தூக்கி வைக்காமல், திருத்தத்தை மட்டும் 9.2-க்குள் பொருத்தி, '9.2பி1-2+டெப்12யு3' என்று வெளியிட்டது. என் சர்வர்களில் அது உடனே இறங்கிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து என் வாடிக்கையாளர் ஒருவரிடம் ஆடிட்டுக்கு ஒருவர் வந்தார். லேப்டாப்பை வைத்து, ஓட்டை தேடும் ஸ்கேனர் மென்பொருளை ஓட்டினார். சிவப்புக் கட்டத்துக்குள் 'கிரிட்டிக்கல்' என்று வந்தது, அலுவலகமே எழுந்து நின்றது. அந்த சர்வர், கேட்பவரிடம் தன்னைப் பற்றிச் சொல்லும் வரியில் 'ஓப்பன்எஸ்எஸ்ஹெச்_9.2பி1 டெபியன்-2+டெப்12யு3' என்று முழு ஜாதகத்தையும் சொல்கிறது. ஸ்கேனர் 9.2-ஐப் பார்த்ததும் படிப்பதை நிறுத்திக்கொண்டது. வாலில் இருக்கும் 'யு3'-ல்தான் விஷயமே இருக்கிறது. பேக்கேஜின் மாற்றக் குறிப்பான சேஞ்ச்லாகைத் திறந்து அதே சி.வி.இ. எண்ணைக் காட்டினேன். "டூல்ல இப்படித்தான் வருது மேடம். 9.8 போட்டுடுங்க, ரிப்போர்ட் க்ளீன் ஆயிடும்" என்றார். எந்தப் பதிப்பில் எந்த ஓட்டை அடைபட்டது என்று டெபியனின் பாதுகாப்பு டிராக்கரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து, விளக்கக் கடிதத்தோடு பின் அடித்துக் கொடுத்த பிறகுதான் சிவப்பு போனது. அதற்குள் முதலாளிக்கு இரண்டு நாள் தூக்கம் போயிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஓட்டையை 2006-லேயே ஒருமுறை அடைத்திருந்தார்கள். 2020-ல் செய்த ஒரு மாற்றத்தில் அந்த அடைப்பு கழன்று, 8.5 பதிப்பிலிருந்து ஓட்டை திரும்ப வந்தது. டெபியன் 11-ல் இருக்கும் 8.4-க்கு இந்த நோயே கிடையாது. 2024 மார்ச்சில், ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் திருட்டுவழி வைத்திருந்தது தெரியவந்ததே, அதுவும் புத்தம்புது 5.6.0, 5.6.1 பதிப்புகளில்தான் இருந்தது. டெபியன் 12 வைத்திருந்தவர்கள் பழைய 5.4.1-ல் நிம்மதியாக இருந்தார்கள். அதனால் பழசே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

புதுசுக்கு மாறிவிட்டால் என்ன என்று கேட்கலாம். மணலியில் ஒரு யார்டின் வே பிரிட்ஜ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 13-ஐ நம்பி எழுதப்பட்டது. எழுதிய பையன் இப்போது வெளிநாட்டில், போனை எடுப்பதில்லை. அரைமணி நேரம் எடை போடுவது நின்றால் டிரெய்லர்கள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வரைக்கும் நிற்கும், டிரைவர்கள் என்னை என்ன பாஷையில் வாழ்த்துவார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. போஸ்ட்கிரெஸ்காரர்கள் ஒவ்வொரு பெரிய பதிப்பையும் ஐந்து வருடம் பார்த்துக்கொள்கிறார்கள். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில், ஆதரவில் இருக்கும் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நாளில் திருத்தம் வரும். டேட்டாவை இறக்கி ஏற்றும் வேலை இல்லை. சர்வீஸை நிறுத்து, பேக்கேஜை மாற்று, திரும்ப ஓட்டு, அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வண்டி வரத்து குறைந்ததும் முடித்துவிடுவேன். இந்தச் சலுகைக்கும் முடிவு உண்டு என்பதால்தான் அந்த யார்டில் புதுப் பதிப்புக்கு மாறும் வேலையைத் தனியாக நடத்தி முடித்தோம்.

பேக்போர்ட் என்றால் நகல் எடுத்து ஒட்டும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. முதன்மைக் கிளையில் நாலே வரி மாறியிருக்கும். பழைய கிளைக்குப் போனால் அந்த வரிகள் இருக்கும் ஃபங்ஷன் (நிரல் துண்டு) வேறு ஃபைலில் இருக்கும், அல்லது திருத்தம் கூப்பிடும் துணை ஃபங்ஷன் அப்போது பிறந்தே இருக்காது. நிரல் மாற்றங்களைக் கையாளும் 'கிட்' கருவியில் செர்ரி-பிக் (ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்துப் பொருத்தும் கட்டளை) கொடுத்தால் மோதல் என்று சொல்லி நிற்கும். அங்கே உட்கார்ந்து, இந்தத் திருத்தம் வேறு எந்த மாற்றத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது என்று தேட வேண்டும். மோதல் வந்தால் கூடப் பரவாயில்லை. சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்வதுதான் ஆபத்து.

2023 டிசம்பரில் அதுதான் நடந்தது. டிஸ்கில் ஃபைல்களைச் சேமிக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்துக்கான ஒரு திருத்தம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 6.1 கிளைக்கு வந்தது. அதற்கு முன்பே வந்திருக்க வேண்டிய இன்னொரு மாற்றம் கூட வரவில்லை. 6.1.64-ல் சில வகை எழுதுதல்களில் டேட்டா கெட்டுப்போகும் நிலை. டெபியன் 12.3 வெளியீட்டை அப்படியே நிறுத்தி, சரிசெய்த கெர்னலோடு 12.4 என்று டிசம்பர் 10-ல் விட்டார்கள். அந்த வாரம் வடசென்னையில் மிக்ஜாம் புயல் தண்ணீர் இன்னும் வடியவில்லை, எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வேறு மிதந்தது. கரண்ட் இல்லாமல் என் சர்வர்கள் பல அணைந்தே கிடந்ததால் அந்த அப்டேட் இறங்கவே இல்லை. வெள்ளத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

இப்படி ஒரு தவறு நடந்ததும் சில நாட்களில் அடையாளம் கண்டு திருப்பிப் போடுகிறார்களே, அவர்கள் யார்? கெர்னலின் ஸ்டேபிள் கிளைகளை, அதாவது வெளியான பதிப்புகளின் கிளைகளை, கிரெக் குரோவா-ஹார்ட்மனும் சாஷா லெவினும் பராமரிக்கிறார்கள். திருத்தம் முதன்மைக் கிளையில் ஏற்கெனவே சேர்ந்திருக்க வேண்டும், சூழல் வரிகளோடு சேர்த்து 100 வரிக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் விதி உண்டு. பழைய கிளை ஒவ்வொன்றும் ஆட்களின் நேரத்தைத் தின்கிறது. அதனால்தான் ஆறு வருடம் கிடைத்துவந்த நீண்டகால ஆதரவை இரண்டு வருடமாகக் குறைக்கப்போவதாக 2023-ல் அறிவித்தார்கள். டெபியன் தன் பதிப்புகளுக்கு ஐந்து வருட ஆதரவு தருவதில் கடைசி ஆண்டுகளின் வேலை பெரும்பாலும் நிறுவனங்கள் தரும் பணத்தில்தான் நடக்கிறது. நம் ஊரில் டெபியனை வைத்துக் காசு பார்க்கும் எத்தனை கம்பெனிகள் அதற்கு ஒரு ரூபாய் கொடுக்கின்றன என்று கேட்டால் சங்கடமாக இருக்கும், நானும் கேட்பதில்லை.

நான் பார்த்த டெண்டர்களில் 'லேட்டஸ்ட் வெர்ஷன்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. அது வாங்கும் நாளோடு செத்துப்போகும் வரி. எந்தக் கிளை, அதற்குத் திருத்தம் எந்தத் தேதி வரை வரும், அதைச் செய்வது யார், வந்த திருத்தத்தை எத்தனை நாளில் ஏற்ற வேண்டும் என்றுதான் கேட்டு எழுத வேண்டும். ஆடிட் அறிக்கையிலும் முழுப் பேக்கேஜ் எண்ணையும் டெபியன் போன்ற விநியோகஸ்தரின் பாதுகாப்புப் பட்டியலையும் ஒப்பிட்ட பிறகே 'கிரிட்டிக்கல்' என்று போட வேண்டும். ஆடிட்டுக்கு வாங்கும் காசுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த மாதிரிக் கட்டுரை வரும்போது, ஆதரவு முடியும் தேதிகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். இன்னொரு லினக்ஸ் விநியோகமான உபுண்டுவின் 20.04 பதிப்புக்கு இலவச ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. போஸ்ட்கிரெஸ் 13-க்கு 2025 நவம்பர். டெபியன் 11-க்கு 2026 ஆகஸ்ட் 31. இந்தத் தேதிகளைத் தாண்டியும் மாற்றாமல் இருப்பவர்களை நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை-81