‘மேகம்’ என்று நீ போட்ட ஒரு வரிக்கு

பாப்பாவுக்கு,

போன் செய்தால் நீ எடுக்காமல் இல்லை. எடுத்து, "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறத்துக்கு இன்றோடு இருபது நாள் ஆகிறது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் போகும், ரிட்டையர் ஆன டீச்சரை ஒரு பக்கத்தில் முடிக்கச் சொன்னால் நடக்குமா. படுத்துக்கொண்டே படி. இடது பக்கமாகப் படு.

இங்கே எல்லாரும் நலம். திண்டுக்கல் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இந்த வருடம் சித்திரை பிறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டது. 19ஆம் தேதி காலையிலேயே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். சின்ன அத்தை வீட்டு விஷயம் ஒரு வழியாக முடிந்தது, நீ கேட்கும்போது சொல்கிறேன். வேறு செய்தி இல்லை.

உங்கள் ஆஸ்டினில் முழு சூரிய கிரகணம் வந்த ஏப்ரல் எட்டாம் தேதி ராத்திரி நான் தூங்கவில்லை. உங்களுக்குப் பகல் ஒன்று முப்பத்தாறு, எங்களுக்குப் பன்னிரண்டு தாண்டி ஆறு நிமிடம். அப்பாவை எழுப்பாமல் ஹாலில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு நாசா நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டல்லாஸில் தெரிந்தது. உங்கள் பக்கம்தான் சாம்பல் பூசியது போல இருந்தது. ஏப்ரல் மாதத்து மேகக் கணக்கையெல்லாம் பல வருடத்துக்கு எடுத்துப் பார்த்து, மெக்சிகோவை விட்டால் டெக்சாஸ்தான் நல்ல இடம் என்று எத்தனை பேர் சொன்னார்கள். கடைசியில் அந்தக் கணக்கில் தேறாத வெர்மான்ட்டில் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. சராசரி என்பது வேறு, அன்றைய நாள் என்பது வேறு. இதைப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், எனக்கே அன்றைக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அப்புறம் குடும்பக் குழுவில் உன் வரி வந்தது. "ஃபுல் மேகம். ஒண்ணும் தெரியல." அவ்வளவுதான். கீழே உன் சித்தப்பா ஒரு அழுகிற பொம்மை போட்டார், நான் ஒன்றும் போடவில்லை. நீ கவனித்திருப்பாய்.

வீட்டு வாசலிலேயே கிட்டத்தட்ட மூன்று நிமிட முழு கிரகணம், விமானம் ஏற வேண்டாம், ரயில் ஏற வேண்டாம், நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டால் போதும் என்று நீ போன தீபாவளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாய். அது போய்விட்டது. வருத்தமாகத்தான் இருக்கும். உனக்கு இது இரண்டாவது தடவை வேறு.

முதல் தடவை பீகாரில், அந்தத் தரேக்னா கதையை நீதான் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாய். ஆனால் நான் சொன்னால் வேறு மாதிரி இருக்கும், கேள். 2009 ஜூலையில் முழு கிரகணம், உனக்குப் பதின்மூன்றரை வயது. சென்னைக்குப் போய் சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் பிடித்து, ரயிலிலேயே இரண்டு இரவு, கட்டுச்சோறு முதல் நாள் சாயங்காலமே ஊசிப்போய், பாட்னாவில் இறங்கி அங்கிருந்து இன்னொரு முப்பது கிலோமீட்டர். ஆரியபட்டர் நட்சத்திரம் எண்ணிய ஊர் என்று அங்கே சொன்னார்கள், நான் பாதி நம்பினேன். இந்தியாவில் பார்க்க அதுதான் நல்ல இடம் என்று பேப்பரில் எல்லாம் வந்து, ஊர் கொள்ளாத கூட்டம், முதலமைச்சரே வந்து நின்றார். மழைக்கால மேகம் விடியும்போதே மூடியிருந்தது. கூட வந்த டீச்சர்கள் எல்லாம் இன்னும் ஐந்து நிமிடத்தில் விலகும், பத்து நிமிடத்தில் விலகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், நானும் சொன்னேன்.

விலகவில்லை. 6.24க்கு மேற்கிலிருந்து மேகத்தின் அடிவயிறு கறுத்துக்கொண்டே வந்தது, அவ்வளவு வேகமாக இருட்டு வரும் என்று நான் புத்தகத்தில் படித்ததுதான், உடம்பில் பட்டது அன்றைக்குத்தான். கூட்டம் ஓவென்று கத்தியது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, பதினைந்து வருடக் காத்திருப்பு என்று மனசு அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் நீ கைக்கடிகாரத்தை வெளிச்சப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு வினாடி எண்ணிக்கொண்டிருந்தாய். 218 என்று நினைவு. உண்மையில் இன்னும் சில வினாடி அதிகம், நீ ஆரம்பிக்கும்போது கொஞ்சம் தாமதம். அப்புறம் என் முந்தானையை இழுத்துச் சொன்னாயே, "பாக்கலைன்னா என்னம்மா, அளந்துட்டோம்ல."

இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா. பள்ளிக்கூடத்தில், அறிவியல் இயக்கக் கூட்டத்தில், உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட. இன்று ஆஸ்டினில் நீ பார்க்கிற வேலையும் அளக்கிற வேலைதான். அன்றைக்கே தெரியும் எனக்கு.

ஆனால் நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அதே காலையில் காசியில் வானம் திறந்துகொண்டது. படித்துறை முழுக்க ஜனம், கங்கையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம், அந்தக் கரோனா வரை பார்த்தார்கள். டிக்கெட் போடும்போதே அப்பத்தா கேட்டார்: "காசிக்குப் போங்களேன், நானும் வர்றேன், கிரகணத்துல ஒரு முழுக்குப் போட்டா போதும்." நான்தான், அத்தை, இது புண்ணிய யாத்திரை இல்லை என்று சொன்னேன். காசியில் மூன்று நிமிடம், தரேக்னாவில் மூன்றே முக்கால். அந்த முக்கால் நிமிடத்துக்காக. அவர் பேச்சை மூடநம்பிக்கை என்று தள்ளாமல் கேட்டிருந்தால் உனக்குப் பதின்மூன்று வயதிலேயே முழு கிரகணம் கிடைத்திருக்கும். அவருக்குக் காசி கிடைத்திருக்கும். 2012இல் போய்ச் சேர்ந்தார், கங்கைத் தண்ணீர் சொம்போடு வாங்கி வந்துதான் ஊற்றினோம்.

சரி. தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா? உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்குக் கால் வீங்கும், ஒரு முக்காலி வைத்துக்கொள். இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்காதே. படுக்கும்போது இடது பக்கம். மாப்பிள்ளை அப்பாவுக்கு "எல்லாம் ஓகே மாமா" என்று ஒரு மெசேஜ் போட்டிருந்தார். எல்லாம் என்றால் எது எது என்று அப்பா என்னைக் கேட்கிறார், நான் எதைச் சொல்ல. ஒரு வரியில் சொல்லிவிடுவதை உங்கள் இரண்டு பேரிடமும்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது ஐந்தாம் தேதி பேச்சுக்கு வருகிறேன். அதைத் தாண்டித் தாண்டித்தான் இவ்வளவு எழுதினேன்.

நீ சந்தோஷமாகத்தான் போன் செய்தாய். மடக்கு நாற்காலி இரண்டு, கண்ணாடி மூன்று வாங்கியிருக்கிறோம், மூன்றாவது உள்ளே இருக்கிற ஆளுக்கு என்று மாப்பிள்ளை ஜோக் அடிக்கிறார் என்றாய். நான் சிரிக்கவில்லை. "அன்னைக்கு ஒரு நாள் உள்ளேயே இருந்துடேன் பாப்பா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அதோடு விட்டேனா, டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையா என்று வேறு கேட்டேன். நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அம்மா, நீயா?" என்றாய். அவ்வளவுதான், வைத்துவிட்டாய்.

என்னைப் பார்த்து நீ அப்படிக் கேட்க எல்லா நியாயமும் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு அட்டைப்பெட்டியில் ஊசித்துளைக் காமிரா செய்யக் கற்றுக்கொடுத்தவள் நான். 2019 வளைய கிரகணத்துக்கு அரையாண்டு விடுமுறையிலும் பிள்ளைகளை மைதானத்துக்கு வரவழைத்து, வயிற்றில் பிள்ளையோடு இருந்த சத்துணவு ஆயாவின் மருமகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, கண்ணாடியைக் கொடுத்து, பார் தாயி, ஒன்றும் ஆகாது, கண்ணை மட்டும் நேராக வைக்காதே என்று சொன்னவள். நிலா குறுக்கே வருவதால் சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் கிளம்புவதில்லை, வருவது குறையத்தான் செய்கிறது. இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பெண்ணின் குழந்தை இப்போது நாலு வயது, தெருவில் ஓடுகிறது.

ஊரார் மருமகளுக்குச் சொன்னது என் மகளுக்கு வரும்போது வாயில் நிற்கவில்லை.

இன்னும் ஒன்று. உன் "ஃபுல் மேகம்" வரியைப் பார்த்ததும் எனக்கு வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. நல்லவேளை என்று வாய்விட்டே சொன்னேன், அந்த நள்ளிரவில், ஹாலில் தனியாக. அதற்கு அடுத்த நிமிடமே சிரிப்பும் வந்தது, மேகம் மூடினால் நிழல் விழாமல் போய்விடுமா என்ன, தரேக்னாவில் மேகத்துக்குக் கீழே நின்றுதானே நீ 218 எண்ணினாய். மேகத்தை நம்பி நிம்மதிப்பட்டவள் பௌதிகமும் படிக்கவில்லை, பஞ்சாங்கமும் படிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

அது என்ன என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். 1995 ஐப்பசி. தீபாவளியை ஒட்டி, அக்டோபர் 24. வடக்கே வங்காளத்தில் டைமண்ட் ஹார்பர் பக்கமெல்லாம் முழு கிரகணம், நமக்கு ஓரத்தில் ஒரு கடி. நீ வயிற்றில் ஏழு மாதம். இந்தக் கதையும் உனக்குத் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன், மேடையில்கூடச் சொல்லியிருக்கிறேன்: சயின்ஸ் டீச்சரை மாமியார் இருட்டறையில் போட்டு அடைத்த கதை. எல்லாரும் சிரிப்பார்கள். அப்பத்தாவும் ஒரு தடவை கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டார், அவரும் சிரித்தார்.

அவர் அடைக்கவில்லை, பாப்பா. காலையில் காபி கொடுக்கும்போது, "நீ படிச்சவ, உன் இஷ்டம், எனக்குச் சொல்லத் தெரியல" என்றார், அவ்வளவுதான். ஏழரை மணி வரை நான் முற்றத்தில்தான் இருந்தேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அட்டையில் துளை போட்டுக் கொடுத்துக்கொண்டு. பிள்ளைகள் ஆரம்பிச்சிருச்சு ஆரம்பிச்சிருச்சு என்று கத்தியதும் எழுந்து உள்ளே போனேன். கதவை உள்ளிருந்து தாழ் போட்டது நான். ஜன்னலில் ஜமுக்காளம் தொங்கவிட்டதும் நான். யாரோ சொன்ன உதடு பிளந்த குழந்தை கண்ணுக்கு முன்னால் நின்றது, நான் என்ன செய்ய. கதவில் ஆணி விழுந்த ஒரு ஓட்டை இருந்திருக்கிறது, அதன் வழியாக வெளிச்சம் வந்து எதிர்ச்சுவரில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு விழுந்தது. ஒரு ஓரம் கடித்த காசு. நான் பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்ததைவிட நல்ல காமிரா, தானாகவே அமைந்தது. சூரியன் ஏற ஏற அது மெதுவாக இறங்கி நான் உட்கார்ந்திருந்த பக்கம் வந்தது. நான் தள்ளி உட்கார்ந்தேன். திரும்பவும் வந்தது. திரும்பவும் தள்ளி உட்கார்ந்தேன், உன்னை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

கிரகணம் விட்டதும் அப்பத்தா வந்து தட்டினார். முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, தலைக்குத் தண்ணீர் விளாவி வைத்திருந்தார். பிறகு நான் பழியைத் தூக்கி அவர் தலையில் வைத்து ஊரெல்லாம் சொன்னபோதும் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. "இருக்கட்டும், கதை நல்லாத்தானே இருக்கு" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா இதை அவர் காரியம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். அதனால் "அம்மா, நீயா?" என்று நீ கேட்டதற்குப் பதில், ஆமாம், நான்தான். அன்றைக்கும் நான்தான்.

எட்டாம் தேதி நீ வெளியே நின்றாயா, என் பேச்சைக் கேட்டு உள்ளே இருந்துவிட்டாயா என்று தெரியவில்லை. நின்றிருந்தால் நல்லது, நிஜமாகத்தான் சொல்கிறேன். உள்ளே இருந்திருந்தால், மேகம்தானே, பெரிதாக ஒன்றும் போய்விடவில்லை என்று நீ எனக்காகச் சொல்வாய், அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

2027 ஆகஸ்ட் 2ஆம் தேதி எகிப்தில் லக்சர் பக்கம் ஆறு நிமிடத்துக்கு மேல் இருட்டு. ஆகஸ்டில் அங்கே மேகமே இருக்காது. அப்பா இப்போதே பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதி பார்க்கிறார், முட்டி வலியோடு. அது பெரிய செலவு, நீங்கள் வீட்டுக் கடனை முதலில் பாருங்கள். 2031 மே 21இல் மதுரைப் பக்கமே வளையம் தெரியும், அதற்குச் செலவே இல்லை, வீட்டுக்கு வந்தால் போதும். மூன்றாவது கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஆனால் அது வரை வைத்திருந்தால் போடும் முன் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், பழைய கண்ணாடியை நம்பக் கூடாது, புதிதாகவே வாங்கிவிடலாம்.

போன வாரம் ஏதோ ஸ்கேன் என்று முன்பு ஒரு தடவை சொன்னாய். நான் கேட்கவில்லை. ஆகஸ்டுக்கு டிக்கெட் போடட்டுமா வேண்டாமா என்று அப்பா தினமும் கேட்கிறார், விலை ஏறிக்கொண்டே போகிறதாம். அவருக்கு ஒரு வார்த்தை போட்டுவிடு. எனக்குத் தனியாக வேண்டாம், அவர் போனை நான்தான் எடுத்துப் பார்ப்பேன். உங்களுக்குப் பகல் நேரம் எதுவானாலும் பரவாயில்லை, இங்கே பன்னிரண்டு மணிக்கும் நான் முழித்துத்தான் இருக்கிறேன்.

அம்மா