தட்டின் நீளம் மட்டும் போதாது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கடைகளின் விற்பனைக் கணக்கு முழுவதும் இப்போது உன் பொறுப்பு என்றறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் நலம். நானும் அதே அளவெடுக்கும் வேலையில்தான் இருக்கிறேன்.

எந்த இடம் எவ்வளவு விற்றுத் தருகிறது என்று பார்க்க, ஒவ்வொரு பொருளும் கடை அலமாரித் தட்டில் பிடித்திருக்கும் நீளத்தை அளந்து, விற்பனையை அதனால் வகுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அது மட்டும் போதாதப்பா. 60 செ.மீ. நீளத்தில் 6 செ.மீ. அகலமுள்ள ஷாம்பு பாட்டில்கள் 10 நிற்கும். அதே நீளத்தில், அதே அகலமுள்ள சோப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தைந்து அடுக்கினால், வருபவர் கண்ணில் 50 படும். டேப் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். ஆகவே முன்னால் தெரியும் எண்ணிக்கையையும், பின்னால் எத்தனை வரிசை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள். பின்வரிசைகள் யார் கண்ணிலும் படாவிட்டாலும், தட்டு காலியாகாமல் காப்பவை அவைதான். காலித் தட்டுக்கு எதிரே விற்பனை பூஜ்யம் என்று பதிவாகும்; அதைப் பார்த்து, கேட்க ஆளில்லாத பொருள் என்று முடிவுகட்டிவிடாதே.

தரையிலிருந்து தட்டின் உயரத்தையும் எழுது. 1994இல் டிரேஸ், ஹோக், பர்க் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், கையிருப்பு தீராத அளவுக்கு இடம் இருந்துவிட்டால், எத்தனை வைத்தோம் என்பதைவிட எங்கே வைத்தோம் என்பதே விற்பனையை அதிகம் மாற்றுகிறது என்று கண்டார்கள். எந்தப் பொருளை எங்கே அடுக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் அனுப்பும் வரைபடத்தைப் பார்த்து அளவை நிரப்பாதே. தட்டின் முன் நேரில் நின்று எடு. சரக்கு நிரப்பியவுடன் ஒருமுறை, கூட்டம் ஓய்ந்தபின் ஒருமுறை.

எனக்கு உண்மையில் கவலை தருவது வகுத்தபின் வரும் எண். நன்றாக விற்பதால்தான் ஒரு பொருளுக்கு அதிக இடம் கொடுக்கிறார்கள். அதையே திருப்பி, இடம் கொடுத்ததால் விற்றது என்று படித்தால் கணக்கு தலைகீழாகிவிடும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஐசென்ட் என்ற ஆய்வாளர் கண்ட சராசரி நெகிழ்ச்சி, அதாவது இடம் ஒரு சதவீதம் கூடினால் விற்பனை எத்தனை சதவீதம் கூடும் என்ற அளவு, 0.17. இடம் 10 சதவீதம் கூடினால் விற்பனை ஏறத்தாழ 1.7 சதவீதம்தான் கூடும். இடத்தை இரட்டிப்பாக்கினால் விற்பனையும் இரட்டிப்பாகும் என்று உன் மேலாளர் எதிர்பார்த்தால், இந்த எண்ணை முதலிலேயே அவர் முன் வை.

எது எதற்குக் காரணம் என்று தெரிய, முடிந்தால் சில கடைகளில் மட்டும் இடத்தின் அளவை மாற்று; மற்றவற்றை அப்படியே விடு. அந்த வாரங்களில் விலையிலோ விளம்பரத்திலோ கை வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. முதல் அட்டவணை தயாரானதும் எனக்கு அனுப்பு. சரக்கு தீர்ந்திருந்த நாட்களுக்கு அதில் தனிப் பத்தி இருக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்