தாளிப்பதற்கு முன்னால் ஒரு கரண்டி: சேலம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சத்துணவுப் பிரிவு நேர்முக உதவியாளர் அவர்களுக்கும், காலை உணவுத் திட்டத்தைக் கவனிக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் இந்த மாவட்டத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். புதுத் திட்டம் கேட்டு இதை எழுதவில்லை. தனிச் சமையலறை வேண்டாம், ஓரிடம் தவிரக் கூடுதல் ஆளும் வேண்டாம். எல்லாரும் சாப்பிடுவதை அப்படியே சாப்பிட முடியாத பிள்ளைகள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதே அடுப்பில், அதே சாமானில் கொஞ்சம் மாற்றிச் செய்து கொடுக்கச் சமையலருக்கு எழுத்தில் ஒரு அனுமதி வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

அனுமதி இல்லாமலே இது பல மையங்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சாம்பாரில் உப்பும் தாளிப்பும் சேர்ப்பதற்கு முன் ஒரு கரண்டிப் பருப்பைக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைக்கும் ஆயாக்களை எனக்குத் தெரியும். சிறுநீரக உபாதைக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு அது. ஆனால் யாராவது பார்வைக்கு வருகிறார்கள் என்றால் அந்தக் கிண்ணம் அலமாரிக்குள் போய்விடும். நல்ல காரியத்தை ஒளித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஆயா மாற்றலாகிப் போனால் கிண்ணமும் அவரோடு போய்விடும்.

ஒளிக்கக் காரணம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. காலையில் வருகையைப் பார்த்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம், ஆறாம் வகுப்பிலிருந்து 150 கிராம் என்று அரிசி அளந்து போடுகிறோம். பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாம் தலைக்கணக்கு. பதிவேட்டில் இல்லாத எதைச் செய்தாலும் தணிக்கையில் கேள்வி வரும். ‘அந்தப் பையனுக்கு மட்டும் என்ன தனியா?’ என்று கேட்பவர்களுக்கும் பஞ்சமில்லை. நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் தலையில் விழும் என்ற பயம் வேறு. அதனால் பெரும்பாலான பள்ளிகளில் சுலபமான பதில் ஒன்று தயாராக இருக்கிறது: ‘வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்து அனுப்புங்க.’

யாரிடம் இதைச் சொல்கிறோம்? விடியுமுன் தறிக்குப் போகிற அம்மாவிடம், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற அப்பாவிடம், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு ஆறு மணிக்கே இறங்கிப் போகிறவர்களிடம். சத்துணவே இவர்களுக்காக வந்ததுதான். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை மதிய உணவை உரிமை என்கிறது. உடம்பில் குறை உள்ள பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை என்று அதில் எங்கும் எழுதவில்லை.

மாற்று உணவு இந்தத் திட்டத்துக்குப் புதிதும் அல்ல. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறோம், அதற்கு ஆணை இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. வீட்டுப் பழக்கத்துக்காக ஒரு பொருளை மாற்றலாம் என்றால், உடம்புக்கு ஆகவில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மாற்ற முடியாதா? 1982-இல் தொடங்கியபோது இருந்த சாப்பாடா இன்றைக்கு இருக்கிறது? 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, அது 2010-இல் வாரம் ஐந்தானது, பிறகு கலவை சாதம் வந்தது, 2022-இல் காலை உணவும் வந்தது. ஒவ்வொன்றின்போதும் ‘நடைமுறையில் கஷ்டம்’ என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நானும் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளைப் பற்றி. இதில்தான் தப்பெண்ணம் அதிகம். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வேறு, பிள்ளைகளுக்கு வரும் முதல் வகை வேறு. இந்தப் பிள்ளையின் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை, ஊசிதான் உயிர். சமையலர் பாசத்தில் என்ன செய்கிறார்? ‘சுகர் புள்ள, சோறு கம்மியாப் போடு’ என்று பாதி வைக்கிறார். காலையில் போட்ட கலப்பு இன்சுலினின் வேகம் மதியம் கூடும். அந்த நேரத்தில் வயிற்றில் சோறு குறைந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பிள்ளை சிடுசிடுக்கும், இல்லையென்றால் மேசையில் தலை சாய்க்கும். ஆசிரியர் தூங்குகிறான் என்று நினைப்பார். இப்படித்தான் மயக்கம் வரை போகிறது.

இவர்களுக்கு வேண்டியது குறைந்த சோறு அல்ல, தினமும் ஒரே அளவு சோறும் ஒரே நேரமும்தான். இந்த ஒரு விஷயத்தில் எந்த வீட்டுச் சமையலறையையும்விட சத்துணவு மையம் மேல். எந்த அம்மா வீட்டில் கிராம் கணக்கில் அரிசி போடுகிறார்? நாங்கள் போடுகிறோம். 100 கிராம் அரிசியில் சுமார் 75 முதல் 80 கிராம் மாவுச்சத்து. இந்தக் கணக்கையும் அந்த வாரப் பட்டியலையும் அம்மா கையில் கொடுத்தால், ஊசி அளவை மருத்துவர் அதற்கேற்ப வைத்துக்கொள்வார். முட்டைக்குப் பதில் வாழைப்பழம் சாப்பிடுகிற பிள்ளையா என்பதையும் குறித்துக் கொடுக்கலாம்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடு தாமதமாவது எரிவாயு தீர்ந்ததால் மட்டும் அல்ல. அலுவலர் ஆய்வுக்கு வருகிறார் என்றால், அவர் வந்து ருசி பார்க்கட்டும் என்று வரிசையை நிறுத்தி வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. மற்ற பிள்ளைகள் பசியைப் பொறுப்பார்கள். ஊசி போட்ட பிள்ளையால் முடியாது. ஆய்வுக்கு வருகிறவர் வரிசையின் நடுவில் வந்து ருசி பார்த்தாலும் ருசி மாறாது.

காலை உணவிலும் இதே கவலைதான். பிள்ளை வீட்டிலேயே ஊசி போட்டுவிட்டு, பள்ளியில் சாப்பிடலாம் என்று வெறும் வயிற்றில் நடந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சேர்வராயன் மலை ஊர்களில் நடை என்றால் ஏற்றமும் இறக்கமும். நடக்க நடக்கச் சர்க்கரை இறங்கும். பள்ளிக்கு வந்தால் அன்றைக்குச் சமைக்க வர வேண்டிய மகளிர் குழு அக்காவுக்குப் பேருந்து கிடைக்கவில்லை. ஊசியைப் பள்ளிக்கு வந்து சாப்பாட்டைக் கண்ணால் பார்த்த பிறகு போட்டுக்கொள்ள ஒரு மறைவான இடமும், தலைமையாசிரியர் அறையில் ஒரு டப்பா சர்க்கரையும் இருந்தால் போதும். சர்க்கரை இறங்கியதற்கான அறிகுறி தெரிந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இதைச் சமையலர் பயிற்சியில் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். 2017-லேயே சிபிஎஸ்இ, இந்தப் பிள்ளைகள் தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதி கொடுத்துவிட்டது. நம் வகுப்பறைக்குள் ஒரு பிஸ்கட் எடுத்ததற்கு இன்னமும் பிள்ளை எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது கோதுமை ஆகாத பிள்ளை. வடக்கே உள்ள அளவுக்கு இங்கே இல்லை, ஆனால் இல்லாமல் இல்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இந்தப் பிள்ளையின் சிறுகுடலைப் புண்ணாக்கும், சாப்பிடச் சாப்பிட உடம்பு மெலியும். மதியம் அரிசி என்பதால் பிரச்சினை இல்லை என்று நினைப்போம். சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தாளிப்பதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. காலையில்தான் தொல்லை: ரவை, சேமியா, கோதுமை ரவை. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு அரிசி உப்புமாவோ ஜவ்வரிசிக் கிச்சடியோ கிண்டலாம். ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் இருக்கிற ஊர் இது, புவிசார் குறியீடு வாங்கிய ஜவ்வரிசி நம்முடையது. வெறும் மாவுச்சத்துதான், அதனால் பாசிப்பருப்பு சேர்த்துக் கிண்ட வேண்டும். சர்க்கரைப் பிள்ளைக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ‘ஸ்பெஷல் சாப்பாடு’ என்று ஒரே பானையில் எல்லாருக்கும் செய்துவிடக் கூடாது.

நிலக்கடலை ஒவ்வாமை இவற்றிலிருந்து மாறுபட்டது. அங்கே எடுத்து வைத்தால் மட்டும் போதாது, கரண்டியும் மாற வேண்டும். புளிசாதத்திலோ எலுமிச்சை சாதத்திலோ கடலை போட்ட கரண்டியாலேயே பரிமாறினால் உதடு வீங்கி மூச்சடைக்கலாம். அப்படி ஒரு பிள்ளை இருக்கும் பள்ளியில் கடலையையே நிறுத்திவிடுவதுதான் புத்திசாலித்தனம். யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்குப் பொருளில் பிரச்சினை இல்லை, பதத்தில்தான். கலவை சாதம் வந்தபோது பிள்ளைகள் கொண்டாடினார்கள், நியாயம்தான். ஆனால் உதிரி உதிரியான பிரியாணி மெல்ல முடியாத பிள்ளைக்குப் புரையேறும், முழு முட்டை அதைவிட ஆபத்து. சோற்றைக் குழைய வேகவைத்து, சாம்பாரில் மசித்து, முட்டையை உதிர்த்துக் கலந்து, பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்ட வேண்டும். அரைமணி நேரம் பிடிக்கும். இந்த ஒரு இடத்தில் கூடுதல் கை வேண்டியிருக்கிறது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் வராத நாட்களில் யார் ஊட்டுவது என்று இப்போதைக்கு எந்தத் தாளிலும் இல்லை.

மலையில் இருக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளைத் தனியாகப் பாருங்கள். அங்கே பிள்ளைக்கு மூன்று வேளையும் பள்ளிச் சோறுதான், வீட்டுச் சாப்பாடு என்ற வழியே கிடையாது. 2024 டிசம்பர் மழையில் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்தபோது பட்டபாடு உங்களுக்கு நினைவிருக்கும். இன்சுலினும் மாற்று உணவுப் பொருளும் மழைக்காலத்துக்கு முன்பே மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகாது என்று எப்படித் தெரியும் என்பீர்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்பிஎஸ்கே திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வருகிறது, எடையும் உயரமும் பார்க்கிறது. போகும்போது இந்த ஒரு கேள்வியையும் கேட்டு, பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு கட்டத்தில் ஏற்றிவிட்டால், பள்ளி மாறினாலும் தகவல் கூடவே போகும். அரசு மருத்துவரின் சீட்டு ஒன்றே ஆதாரமாக இருக்கட்டும், மாற்றுத்திறனாளி அட்டையைக் கேட்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் மூளை முடக்குவாதம் இருக்கிறது, முதல் வகைச் சர்க்கரையும் கோதுமை ஒவ்வாமையும் இல்லை. அட்டை கேட்டால் பாதிப் பிள்ளைகள் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள்.

தட்டு தனியாக இருக்கலாம், பந்தி தனியாக வேண்டாம். ‘உனக்கு அங்க’ என்று மூலையைக் காட்டினால், பிள்ளை நோயை மறைத்துவிட்டு எல்லாரோடும் ஆகாததையே சாப்பிடும். ஒன்பது வயதில் வயிற்றைவிட ரோஷம் பெரிது.

ஆணை எழுதும்போது மூன்று வரி போதும்: மருத்துவர் சீட்டு உள்ள பிள்ளைக்கு அதே உணவூட்டுச் செலவினத்துக்குள் பொருளையோ பதத்தையோ மாற்றித் தரலாம், அதைப் பதிவேட்டில் தனிப் பத்தியில் எழுத வேண்டும், அதற்காகத் தணிக்கையில் ஆட்சேபம் எழுப்பக் கூடாது. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் வந்தால் நல்லது. கோப்பில் போட்டுவிடாமல், தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்து, அடுப்புக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அலுவலகத்துக்கு ஒரு நகல், எண்ணெய்க் கறை படாத உயரத்தில் சமையலறைக்கு ஒரு நகல்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
சேலம் மாவட்டம்.