கோணேசர் கடலில் சுழியோடிய ஆர்தர் கிளார்க்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆர்தர் சி. கிளார்க் என்றதும் விண்வெளிக் கதைகளையும் அவரது கொழும்பு வாழ்க்கையையும்தான் பேசுகிறார்கள். திருகோணமலை ஞாபகத்துக்கு வருவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும், 1956இல் சுவாமி மலையடியில் சுழியோடிக் கண்டு, பிறகு அதை எழுதியும் வைத்தவர் அவர்.

மனிதர் வெறும் கற்பனைக்காரர் அல்லர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் படித்தவர். பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி, பூமியோடு சேர்ந்தே சுழன்று ஒரே இடத்துக்கு நேரே நிற்கும். அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுதும் ஒலிபரப்பலாம் என்று 1945இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். (நம் வீட்டுக் கூரையில் இருக்கும் டிஷ் அன்டெனா முகம் திருப்பி நிற்பதும் அந்தப் பக்கம்தான்.) 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் இருந்தார்.

கோட்டை வாசலில் மான்களோடு படம் எடுத்துக்கொண்டு மலையேறும் மாணவர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்வது? கோயில் வீதியோரம் ஒரு தமிழ்ப் பலகை வைக்கலாமே. பெயர், ஆண்டு, கடலடியில் கண்டது என நாலு வரி போதும். மாநகர சபையும் கோயில் நிர்வாகமும் கவனிக்க வேண்டும்.

வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.