ஒரு பறவைக்குப் பத்து ரூபாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் எடுத்தால் "மீட்டிங்கில இருக்கேன்பா" என்பாய், அதனால்தான் கடிதம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. இங்கே விடியற்காலையில் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளை பூத்துக் கிடக்கிறது. வெளியே போனால் காதைக் கட்டிக்கொள். உன் காது விஷயம் உனக்கே தெரியும்.

பொங்கலன்று நீ அந்தப் பறவைப் போட்டியைப் பற்றிச் சொன்னாய் அல்லவா, ஆறு பேர் ஒரு அணி, 24 மணித்தியாலம், எத்தனை இனம் கண்டுபிடிக்கிறீர்களோ அத்தனைக்கும் ஆட்கள் காசு தருவார்கள், அது காட்டு மிருகங்களைக் காப்பாற்றப் போகும் என்று. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "மேல் கிலோக் காசு மாதிரிதானே" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஒரு நாள் பேருக்குப் பறிக்க வேண்டிய தேயிலைக் கொழுந்துக்கு மேல் பறிக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் எங்களுக்குக் காசு, உங்களுக்கு ஒவ்வொரு குருவிக்கும். ஆனால் எங்கள் கொழுந்தைத் தராசில் போட்டுச் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிக்க ஆள் நிற்கும். உங்களுக்கு ஆள் இல்லை. பார்த்தோம் என்று நீங்கள் எழுதினால் பார்த்ததுதான். பொய் எழுத மாட்டார்களா என்று கேட்டேன். "எழுதினா யாருக்கும் தெரியாதுப்பா, அதனாலதான் எழுதக் கூடாது" என்றாய். சத்தம் மட்டும் கேட்டாலும் கணக்குத்தான் என்றாய். முப்பத்தொரு வருஷம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவனின் பிள்ளை இப்படிப் பேசுகிறதே என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போட்டி முடிந்துவிட்டதாமே. சந்திக் கடை மாமா சொன்னார். போன சனிக்கிழமை விடியக் காலை நாலரைக்கு ஒரு வேன் வந்து நின்றதாம், பட்டிப்பொலைப் பக்கம் ஏறிப் போகிற வேன். எல்லாரும் கழுத்தில் தூரக் கண்ணாடியோடு இறங்கிப் பிளேன்டீ குடித்தார்களாம். ஆறு மணிக்கு ஹோர்ட்டன் சமவெளி கேட் திறந்த உடனே உள்ளே போனால்தான் அந்த நீலச் சீட்டிக்குருவி கிடைக்கும், வெயில் ஏறினால் கிடைக்காது என்று பேசிக்கொண்டார்களாம். வேனில் ஒரு பிள்ளை மட்டும் இறங்கவில்லையாம். தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு பின் சீட்டில் இருந்ததாம். தேத்தண்ணியை உள்ளேயே வாங்கி, சீனி வேண்டாம் என்று சொல்லி, கித்துள் கருப்பட்டி கேட்டுக் கடித்துக் குடித்ததாம்.

யார் பெற்ற பிள்ளையோ. அந்தக் குளிரில் காதைக் கட்டியிருந்ததா என்று மாமாவிடம் கேட்டேன். கவனிக்கவில்லை என்றார்.

நுவரெலியா விக்டோரியா பூங்காவிலும் பார்த்திருப்பீர்கள். அந்த நாறுகிற ஓடைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய கமராவை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். பூக்களை விட்டுவிட்டுச் சாக்கடையை ஏன் பார்க்கிறார்கள் என்று சின்ன வயதில் நீ கேட்டாய். ஆறுமணிக்குருவி அங்கேதான் புழு பொறுக்கும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று ஒன்று, கைக்குள் அடங்குகிற குருவி, அவ்வளவு தூரத்திலிருந்து வருஷம் தவறாமல் இங்கே வந்து குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போகிறது என்று நீதான் சொன்னாய். குத்திக் காட்ட எழுதவில்லை மகள். நினைவு வந்தது, எழுதினேன்.

அம்மாவுக்கு வேன் விஷயம் தெரியாது. கடைக்கும் எங்கள் லயத்து வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியும், அதனால் நான் சொல்லவில்லை. காதைக் கட்டிக்கொள்.

அந்தச் சமவெளியில் வாகனம் நிறுத்துகிற இடத்தில் மரைகள், அந்தப் பெரிய மான்கள், வந்து நிற்குமே, மனிதர் பக்கத்தில் போனாலும் விலகாது. நீ அதைப் பார்த்திருப்பாய். நேற்று இரவு அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

உனக்குப் பன்னிரண்டு வயது. கீழ்த்தோட்டத்தில் கிழங்குப் பாத்தியைப் பன்றி கிண்டுகிறது என்று பிரேக் கம்பியில் சுருக்கு வைத்தேன். நீ என் பின்னாலேயே வந்தாய். பன்றி இல்லை, பெண் மரை. முன்னங்கால் குளம்புக்கு மேல் கம்பி தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. இழுத்து இழுத்து அந்த இடத்து மண்ணே வட்டமாக உழுது கிடந்தது. அது கத்தக்கூட இல்லை, மூச்சு மட்டும் புகையாக வந்தது. "அவுத்து விடுங்கப்பா" என்றாய். நீ வீட்டுக்குப் போ, நான் அவிழ்த்து விடுகிறேன் என்றேன். பிறகு, விட்டுவிட்டேன், நொண்டிக்கொண்டே காட்டுக்குள் போய்விட்டது என்று சொன்னேன்.

நான் விடவில்லை மகள். அன்று இரவு லயத்தில் எட்டு வீட்டில் இறைச்சி வெந்தது. நம் வீட்டில் ஆட்டிறைச்சி என்றேன். நீ சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு கீழ்த்தோட்டத்துக்கு நீ வந்ததே இல்லை. ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் அறைந்திருப்பேன், அப்போது நான் அப்படிப்பட்டவன்தான்.

2020இல் நல்லதண்ணிப் பக்கம் அந்தக் கறுப்புச் சிறுத்தை கம்பியில் மாட்டி, பிறகு செத்துப்போனதே. டீவியில் காட்டினார்கள். அம்மா "பாவம், எவன் வைச்சானோ" என்றாள். நான் எழுந்து வாசல் பக்கத்து இஸ்தோப்புக்குப் போய்விட்டேன். அன்று நீயும் போன் பண்ணினாய். சிறுத்தையைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது கம்பி வைப்பதில்லை. பன்றி கிண்டுவது கிண்டட்டும் என்று அந்தப் பாத்தியில் இஞ்சி போட்டிருக்கிறேன். அந்தப் பழைய கம்பி அடுப்படிக் கூரையில் சொருகியபடியே இருக்கிறது, எடுத்து எறியக் கை வரவில்லை.

அம்மாவுக்குத் தெரியாமல் கொஞ்சம் காசு வைத்திருக்கிறேன். ஒரு பறவைக்குப் பத்து ரூபாய் என்று என் பெயரையும் எழுதிக்கொள். மாமா கடையில் கொடுத்து வைக்கிறேன், அடுத்த முறை வேன் நிற்கும்போது வாங்கிக்கொள்ளலாம், இறங்க வேண்டியதில்லை. மொத்தம் எத்தனை என்று மட்டும் சொல்லு. சத்தம் கேட்டதையும் சேர்த்துச் சொல்லு.

அப்பா