குடும்ப வன்முறைச் சட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை நத்தம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நாங்கள் நடத்திய சட்டப் பிரச்சாரம் நல்லபடியாக முடிந்தது. மகளிர் குழுக்கள் மட்டும் இழுத்திருந்தால் இந்தத் தேர் நிலையை விட்டே நகர்ந்திருக்காது.

முதல் நன்றி, இலவச சட்ட உதவி மையத்திலிருந்து வந்த வழக்கறிஞர் அக்காவுக்கு. நூறு நாள் வேலை நடந்த கண்மாய்க்கே வந்து, கரையில் எங்களோடு உட்கார்ந்து பேசினார். "புருஷனை ஜெயில்ல போடணும்னு எனக்கு ஆசை இல்லக்கா, அடி நின்னா போதும்" என்றார் ஒரு பெண். 2005ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததே அதற்குத்தான் என்று அக்கா விளக்கினார். அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கலாம். அந்த உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்புறம் வீட்டைப் பற்றிக் கேட்டோம். வீடு யார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்கிறது 17ஆம் பிரிவு. மாமனார் பெயரில் உள்ள வீடும் இதில் சேரும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "வெளியே போடி" என்ற சொல்லுக்குப் பயந்தே வருஷக்கணக்கில் அடி வாங்கியவர்கள் எங்களில் உண்டு. அன்று கேட்டதில் இதுதான் எங்களுக்குப் பெரிய செய்தி.

மாவட்ட சமூகநல அலுவலகத்திலிருந்து வந்த பாதுகாப்பு அலுவலர் மேடத்துக்கு நன்றி. பாதிக்கப்பட்டவர்தான் புகார் தர வேண்டும் என்றில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது என்று அவர் சொன்ன பிறகு பலருக்குத் தைரியம் வந்தது.

பறையடித்துக் கூட்டம் சேர்த்து வீதி நாடகம் போட்ட கல்லூரித் தம்பி தங்கைகளே, நீங்கள் செய்ததை எந்த மேடைப் பேச்சும் செய்திருக்காது. அறை விழும் காட்சியில் பின்னால் நின்று சிரித்த ஆண்கள், மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போகும் காட்சியில் வாயடைத்துப் போனார்கள். சம்பளத்தைப் பிடுங்குவதும், ஆண் பிள்ளை பெறவில்லை என்று ஏசுவதும்கூட வன்முறைதான் என்று நீங்கள் நடித்துக் காட்டியது வீட்டு வாசல்களில் இன்னும் பேச்சாக இருக்கிறது.

வாடகை வாங்காமல் மைக்செட் தந்த அண்ணன், சமுதாயக் கூடத்தைத் திறந்துவிட்ட ஊராட்சித் தலைவர், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை வண்டியில் ஒட்டிக்கொண்ட ஆட்டோ ஓட்டுநர்கள், எல்லோருக்கும் நன்றி.

இந்தச் சட்டத்தைப் பரவலாக விளம்பரப்படுத்த வேண்டியது அரசின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தை இத்தனை காலம் கழித்தும் நாங்கள்தான் தெருத்தெருவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதில் எங்களுக்கு வருத்தம் உண்டு.

கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து பேசிய பெண்களுக்கும் நன்றி. உங்கள் பெயர் எங்கும் வராது. மனு எழுத, அலுவலகத்துக்குத் துணைக்கு வர, எங்களில் ஒருவர் எப்போதும் இருப்போம்.

மீதி நோட்டீஸ்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் இருக்கின்றன. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், காசு கிடையாது.

அன்புடன்,
மகளிர் குழுப் பெண்கள்,
நத்தம் வட்டாரம்